உழைத்தவர் பாட்டு – 14: ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு ஞாயிறு

சென்ற வாரம் செம்பவாங் கடற்படைத் தளத்தில் நிறுத்தியிருந்தோம். 1938இல் திறந்த தளம். அங்கே கப்பல் பழுது பார்த்த தமிழர்களும் மலையாளிகளும், 1952 டிசம்பர் கடைசியில் வெடித்த வேலைநிறுத்தமும், 1971 அக்டோபரில் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியபோது கையைப் பிசைந்து நின்ற குடும்பங்களும் நம் கதையில் வந்து போனார்கள்.

அந்தத் தலைமுறைக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. தொழிற்சங்கம் இருந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு இருந்தது. வேலையாள் ஒருவர் நாலு வரி எழுதினால் அதை அச்சேற்ற ஓர் இடம், படித்துவிட்டு மறுநாள் தோளில் தட்ட ஒரு கூட்டாளி, இரண்டும் இருந்தன.

இந்த வாரம் நாற்பது ஆண்டுகளை ஒரே தாவாகத் தாவுகிறோம். காரணம் இருக்கிறது.

அந்த நாற்பது ஆண்டுகளில் தளத்துத் தொழிலாளியின் பிள்ளைகள் குடிமக்களானார்கள். வீவக வீடு வாங்கினார்கள். ஆசிரியர், எழுத்தர், தாதி, பொறியாளர் என்று வேறு வேலைகளுக்குப் போனார்கள். அவர்கள் கீழே வைத்த மண்வெட்டியை எடுத்துக்கொள்ள புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் ஆள் வந்தார்கள். வேலை அதே வேலைதான். வேலை செய்பவரின் கடப்பிதழ் மாறியிருந்தது.

அந்தப் புதிய தொழிலாளியின் குரல் எப்போது கவிதையாகக் கேட்கத் தொடங்கியது? அதற்கு ஓர் இரவும் ஓர் ஆண்டும் முக்கியம்.

ஊதா நிறத் தடம்

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயிலில் ஏறுங்கள். ஃபேரர் பார்க், பூன் கெங், பொத்தோங் பாசிர் என்று போய் ஒன்பதாவது நிறுத்தம் செங்காங். அதற்கடுத்தது பொங்கோல். 2003 ஜூனில் திறந்த இந்த ஊதா நிறத் தடம்தான் நம் கதையின் முதுகெலும்பு.

செங்காங் 1990களின் பிற்பகுதியில் எழுந்த நகரம். ரிவர்வேல் கிரசெண்டில் வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம். வெள்ளிக்கிழமை மாலை அங்கே போனால், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்களையும் கணினி வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்த குடும்பங்களையும் ஒரே வரிசையில் பார்க்கலாம்.

அந்தக் குடும்பங்கள் வாழும் புளோக்குகளின் தூண்களுக்குக் கம்பி கட்டியவர்கள் யார்? கட்டடத்துக்குச் சாவி கொடுக்கும் நாளில் அவர்கள் அங்கே இருப்பதில்லை. அடுத்த வேலையிடத்துக்கு லாரி ஏறிவிடுவார்கள்.

2013 கடைசியில் சிங்கப்பூரில் கட்டுமானத் துறை வேலை அனுமதிச் சீட்டில் இருந்தவர்கள் மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ‘பெர்மிட்’ என்று அவர்கள் சொல்லும் அந்தச் சீட்டுக்குச் சில நிபந்தனைகள் உண்டு. மனைவி, பிள்ளையை அழைத்துவர முடியாது. மனிதவள அமைச்சின் அனுமதி இல்லாமல் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க முடியாது. மலேசியர் அல்லாத ஒவ்வொருவருக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் லெவி கட்ட வேண்டும். அன்றைய விதிப்படி, முதலாளி சம்மதிக்காமல் வேறு கம்பெனிக்கு மாறுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

தொழிலாளியின் பக்கம் இன்னொரு கணக்கு ஓடும். ஊரில் ‘ஸ்கில் டெஸ்ட்’ எழுத ஒரு தொகை, ஏஜெண்டுக்கு ஒரு தொகை. நிலத்தையோ நகையையோ அடகு வைத்துக் கட்டியது. இங்கே நாளுக்கு 18 வெள்ளி அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கியவர்கள் உண்டு. ஓவர்டைம் கிடைத்தால்தான் கடன் குறையும். ஓராண்டுக்கு மேல் உழைத்துக் கடனை அடைத்த பிறகுதான் பலருக்குச் சம்பளம் என்பதே தொடங்கும்.

ஊர்க்காரத் தம்பி, உள்ளூர் அண்ணன். இருவரும் பேசுவது தமிழ். இருவருக்கும் நடுவே அந்தச் சீட்டு.

120 ஆண்டுகள், ஒரே சாலை

முதல் வாரங்களில் நாம் பார்த்த ஒரு நூலை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1893இல் நா. வ. ரெங்கசாமி தாசன் சிங்கப்பூரில் வெளியிட்ட குதிரைப் பந்தய லாவணி. பந்தயம் பார்க்கப் போகும் கணவனும் மனைவியும் வழியெல்லாம் ஊரைக் கண்டு வியக்கும் பாட்டு. அவர்கள் காலத்துப் பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில் இருந்தது. 1933 வரை குதிரைகள் அங்கேதான் ஓடின. திடல் போய்விட்டது, சாலையின் பெயரில் மட்டும் பந்தயம் தங்கிவிட்டது.

அந்த நூலுக்கும் முன்னால், 1873 வரை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இந்த ஊரின் சாலைகளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டினார்கள். இஸ்தானாவையும் அவர்கள்தான் எழுப்பினார்கள். அவர்கள் பாடியிருப்பார்கள். எழுதிவைக்க யாரும் இல்லை.

ஊரை வியந்தவனின் பாட்டு அச்சேறியது. ஊரைக் கட்டியவனின் பாட்டு காற்றோடு போயிற்று. இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து நம்மைத் துரத்தும் செய்தி இதுதான். 2013இலும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

டிசம்பர் 8, 2013

ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரம் வழக்கம்போல் நெரிந்தது.

அந்த நாட்களின் ஞாயிறு மாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பணம் அனுப்பும் கடைகளில் வால் நீண்ட வரிசை. கைப்பேசிக்கு ‘டாப்-அப்’ கார்டு வாங்கக் கூட்டம். புல்வெளியில் செய்தித்தாளை விரித்து வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மரத்தடியில் கூடுவார்கள். பிறந்த குழந்தையின் படம் கைப்பேசியில் கைமாறும். பீர் போத்தலும் இருக்கும். எட்டு மணிக்கு மேல் அத்தனை பேரும் தனியார் பேருந்து நிற்கும் இடத்தை நோக்கி நகர்வார்கள், தங்கும் விடுதிக்குத் திரும்ப.

ஒன்பதரை மணிக்குச் சற்று முன். ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடம். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் ஏறினார். இடமில்லை என்று இறக்கிவிடப்பட்டார். அவர் மது அருந்தியிருந்தார் என்று விசாரணை பின்னர் சொன்னது. பேருந்து நகர்ந்தது. அதன் பக்கவாட்டில் விரைந்தவர் தடுமாறி விழுந்தார். பின்சக்கரம் ஏறியது.

இங்கே சற்று நிதானிப்போம். இதற்குப் பிந்திய அரைமணி நேரத்தில்தான் எல்லாம் திரும்பியது.

கூட்டம் சேர்ந்தது. குடிமைத் தற்காப்புப் படையினர் வந்தார்கள். அடியில் கிடந்தவரின் உயிர் போய்விட்டது. ஆனால், அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கூட்டத்தில் பலர் நினைத்தார்கள். அதே நேரத்தில் ஓட்டுநரையும் பேருந்தில் ஆட்களை ஏற்றிவிட்ட பெண்மணியையும் கூட்டத்தின் அடியிலிருந்து காப்பாற்றி அழைத்துப்போக வேண்டிய வேலை அதிகாரிகளுக்கு. கூட்டத்தின் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: நம்மாள் அடியில் கிடக்கிறான், அவர்களை முதலில் காப்பாற்றுகிறார்கள்.

அது தவறான புரிதல் என்று பின்னர் நிறுவப்பட்டது. ஆனால், அவ்வளவு பேருக்கும் ஒரே தவறான புரிதல் ஒரே நொடியில் ஏன் வந்தது? அந்த நொடிக்கு முன்பே மனத்தில் ஏதோ தயாராக இருந்திருக்க வேண்டும்.

போத்தல்கள் பறந்தன. குப்பைத் தொட்டிகள் பறந்தன. காவல் வாகனங்கள் கவிழ்ந்தன. ஆம்புலன்ஸ் எரிந்தது. நள்ளிரவுக்கு முன் எல்லாம் அடங்கியபோது ஐந்து வாகனங்கள் கருகிக் கிடந்தன. அதிகாரிகள் பலர் காயமடைந்திருந்தார்கள். 1969க்குப் பின் சிங்கப்பூர் கண்ட முதல் கலவரம் அது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 25 பேர்மீது வழக்கு. 57 பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வட்டாரத்தில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. 2015 ஏப்ரலில் நாடு முழுவதும் இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடை விதித்த சட்டமாக அது விரிந்தது.

இரண்டு ஆவணங்கள்

2014ஆம் ஆண்டு இரண்டு ஆவணங்களை விட்டுச்சென்றது. ஒன்றை எல்லோரும் படித்தார்கள்.

முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பிப்ரவரியில் விசாரணையைத் தொடங்கியது. ஜூனில் அறிக்கை வந்தது. விபத்துதான் பொறி, மது தீயை வளர்த்தது, வேலைச் சூழலோ வாழ்க்கைச் சூழலோ கலவரத்துக்கு வேர் அல்ல. இதுதான் முடிவு. தொழிலாளர்களுக்குப் பொழுதுபோக்கு வசதிகளைப் பெருக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதில் இருந்தது.

அறிக்கையைக் குறை சொல்வது இங்கே நம் வேலையல்ல. கலவரம் ஏன் வந்தது என்று அதனிடம் கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னது. அந்த மனிதர்கள் மற்ற நாட்களில் எப்படி வாழ்கிறார்கள், இரும்புக் கட்டிலில் படுத்து எதை நினைக்கிறார்கள் என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தாலும் சாட்சிக் கூண்டில் நின்று சொல்லக்கூடியதா அது?

இரண்டாவது ஆவணம் அதே ஆண்டின் கடைசியில் வந்தது. அது பிறந்த இடம், பேருந்து நின்ற சந்திப்பிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்.

ரோவெல் சாலை அறை

ஏ. கே. எம். மொஹ்சின் ‘பாங்ளார் கண்டோ’ என்ற வங்காளி மொழிப் பத்திரிகையை 2006 முதல் சிங்கப்பூரில் நடத்திவந்தார். 2011இல் ரோவெல் சாலையில் ‘திபாஷ்ரம்’ என்ற இடத்தைத் திறந்தார். பங்ளாதேஷ் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் வந்து உட்காரலாம். பாடலாம், நாடகம் போடலாம், கவிதை வாசிக்கலாம். சம்பளப் பாக்கியோ கைகால் அடியோ என்றால் யாரிடம் போவது என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

கவிதையும் சம்பளப் பாக்கியும் ஒரே அறையில் இருந்தன என்பதைக் கவனியுங்கள். கடற்படைத் தளத்தில் சங்கமும் மன்றமும் பக்கம் பக்கமாக இருந்ததை முன்பு பார்த்தோமே, அதே அமைப்பு.

அங்கே கூடியவர்களில் ஒருவர் ஜாகிர் உசேன் கோகன். 2003இல் சிங்கப்பூர் வந்தவர். கட்டுமானத் துறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சக தொழிலாளர்களைச் சேர்த்து எழுத்து வாசிப்பு நடத்துவார்.

இந்தியாவிலிருந்து வந்து இங்கே வசித்த எழுத்தாளர் ஷிவாஜி தாஸ் நண்பர்களோடு சேர்ந்து ஒரு யோசனையை முன்வைத்தார்: வெளிநாட்டு ஊழியர்களுக்கென்று ஒரு கவிதைப் போட்டி. 2014இல் முதல் போட்டி நடந்தது. வங்காளியில் எழுதும் தொழிலாளர்களோடு தொடங்கியது. கவிஞர்கள் தங்கள் மொழியில் வாசித்தார்கள். மற்றவர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கவிதைகள்தான் நம் இரண்டாவது ஆவணம்.

முதல் பரிசு ஜாகிருக்கு. அடுத்த ஆண்டு பிற நாட்டுத் தொழிலாளர்களுக்கும் போட்டி விரிந்தது. அப்போதும் முதல் பரிசு அவருக்கே.

என்ன எழுதினார்கள்? விட்டுவந்த மனைவி, வளர்வதைப் பார்க்க முடியாத பிள்ளை, மாடி ஏற ஏறச் சிறுத்துப்போகும் மனிதன், மாதக் கடைசியில் காலியாகும் பை. அரங்கில் இருந்த சிங்கப்பூரர்கள் பலருக்கு ஓர் அதிர்ச்சி. காலையில் விரைவுச்சாலையில் தங்கள் காருக்கு முன்னால் போகும் லாரியின் தட்டில், தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூக்கத்தில் தலை ஆட உட்கார்ந்திருப்பவர்களை அவர்கள் தினமும் பார்த்ததுண்டு. அவர்களில் ஒருவர் கவிஞராக இருக்கலாம் என்று அதுவரை தோன்றியதில்லை.

கலவரம் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அந்த டிசம்பரில் செய்தித்தாள்கள் ‘கூட்டம்’ என்று எழுதிய மனிதர்களுக்கு இந்த மேடையில் ஆளுக்கொரு பெயர் இருந்தது.

ஷென்சென் முதல் சிங்கப்பூர் வரை

இது சிங்கப்பூரில் மட்டும் நடந்ததல்ல. அதே 2014 செப்டம்பர் 30ஆம் தேதி, சீனாவின் ஷென்சென் நகரில் ஷூ லிஜி என்ற 24 வயது இளைஞர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஃபாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசிகள் கோத்த தொழிலாளி. ஆலை வாழ்வைக் கவிதையாக எழுதியவர். அவர் இறந்த பிறகே உலகம் அவரைப் படித்தது.

தமிழுக்கும் இது புதிதல்ல. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களுக்காகப் பாரதி பாடினார். இலங்கையின் தேயிலைத் தோட்ட வாழ்வை சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார். மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பெயர் தெரியாத பெண்கள் பாடிய பாட்டுகள் வாய்மொழியாக வந்தன. பாரதி தொழிலாளிக்காகப் பாடினார். வேலுப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்தவர். 2014இல் சிங்கப்பூரில் மேடையேறியவர்கள், மறுநாள் காலை அதே காலணியோடு வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

நம் தம்பிகள் எங்கே?

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு கேள்வி எழும். எழ வேண்டும்.

சக்கரத்தில் விழுந்தவர் தமிழர். அந்த இரவில் கொதித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள். திருப்பி அனுப்பப்பட்ட 57 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழ் ஒன்று. வங்காளி அல்ல. தமிழுக்கு நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, எழுத்தாளர் கழகம், கவிமாலை போன்ற மாதக் கூட்டங்கள் எல்லாம் உண்டு. அப்படியிருந்தும், அந்த ஆண்டுகளில் சிங்கப்பூருக்கு வெளியே தெரிந்த தொழிலாளிக் கவிஞர்களின் பெயர்கள் ஏன் வங்காளிப் பெயர்களாகவே இருந்தன?

தமிழ்த் தம்பிகள் எழுதாமல் இல்லை. வேலை முடிந்து, குளித்து, ரயிலேறி வந்து கவியரங்கில் வாசித்தவர்கள் உண்டு. போட்டிக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தமிழ்க் கவிதைகள் போயின. வேறுபாடு வேறிடத்தில்.

வங்காளித் தொழிலாளிக்கு இந்த நாட்டில் நிறுவனம் எதுவும் இல்லை. ஆகவே தனக்கென்று ஓர் அறையைக் கட்டிக்கொண்டான். அந்த அறையில் அவன்தான் தலைமை, அவன்தான் கூட்டம். தமிழ்த் தொழிலாளிக்கு ஏற்கெனவே கட்டிய மண்டபம் இருந்தது. அதில் ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள், தலைவர்கள் என்று முன்வரிசை நிரம்பியிருந்தது. அவனுக்கும் நேரம் கொடுத்தார்கள். கைத்தட்டினார்கள். ஆனால் அந்தக் கவிதை தமிழிலேயே ஒலித்துத் தமிழிலேயே தங்கிவிட்டது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் நாட்டின் முன் வைக்க வேண்டும் என்ற அவசரம் மண்டபத்துக்கு இல்லை. வங்காளிகளுக்கு அந்த அவசரம் இருந்தது. மொழிபெயர்க்காவிட்டால் அவர்களுக்கு இங்கே வாசகரே இல்லை.

இது யாரையும் குற்றம்சாட்ட அல்ல. வர்க்கப் பிளவு ஒரே மொழிக்குள்ளும் வரிசை போட்டு உட்காரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் தொடரில் இதுவரை வரவில்லை.

எதற்குக் கைத்தட்டினார்கள்?

2016இல் எத்தோஸ் புக்ஸ் பதிப்பகம் ‘மீ மைக்ரண்ட்’ என்ற நூலை வெளியிட்டது. கட்டுமானத் தொழிலாளி முகுல் உசேனின் கவிதைகள். வங்காளியிலிருந்து பெயர்க்கப்பட்டவற்றுக்குக் கவிஞர் சிரில் வோங் ஆங்கில வடிவம் தந்தார். 2017இல் ஜாகிரும் மொனிர் அகமதும் தொகுத்த ‘மைக்ரண்ட் டேல்ஸ்’ இருமொழித் தொகுப்பு வந்தது. அதே ஆண்டுப் போட்டியில் இந்தோனேசிய இல்லப் பணிப்பெண் டெனி அப்ரியானி முதல் பரிசு பெற்றார். கவிதை விழாக்கள், நேர்காணல்கள், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் என்று ஊர் கொண்டாடியது.

இந்தக் கொண்டாட்டத்தை ஒரு பழைய நிகழ்ச்சியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலவரத்துக்கு ஓராண்டு முன்பு, 2012 நவம்பரில், சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் 171 பேர் சம்பள வேறுபாட்டை எதிர்த்து வேலைக்குப் போக மறுத்தார்கள். 1986க்குப் பின் சிங்கப்பூரில் நடந்த முதல் வேலைநிறுத்தம். ஐவர்மீது வழக்கு. 29 பேர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு யாரும் மேடை போடவில்லை.

ஆக, இந்த நகரம் எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்பது தெரிகிறது. வீட்டு ஏக்கத்தைக் கேட்டது. ஏக்கத்துக்கு எதிராளி இல்லை. கடல்தான் குற்றவாளி, தூரம்தான் குற்றவாளி. கேட்பவர் கண் கலங்கலாம். வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். சம்பளப் பாக்கிக்கு எதிராளி உண்டு. லாரித் தட்டுக்கு எதிராளி உண்டு. அவற்றைப் பற்றி எழுதினால் கேட்பவரும் கணக்கில் வந்துவிடுவார்.

ரோவெல் சாலை அறையில் கவிதையும் சம்பளப் பாக்கியும் சேர்ந்தே இருந்தன. மேடைக்குப் போனபோது கவிதை மட்டும் அழைக்கப்பட்டது. அந்த மேடை பெரிய காரியம்தான். ஆனாலும் அதை அரைக் கதவு திறந்தது என்றே வரலாறு எழுதும்.

மீதிக் கதவுக்குச் சோதனை 2020 ஏப்ரலில் வந்தது. ஊதா நிறத் தடத்தின் அன்றைய கடைசி நிறுத்தமான பொங்கோலில், செங்காங் புளோக்குகளுக்கு அண்டை வட்டாரத்தில், சுமார் 13,000 பேர் தங்கியிருந்த எஸ்11 விடுதி தனிமைப்படுத்தப்பட்ட இடமாக ஏப்ரல் 5ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்து மற்ற விடுதிகளும் அடைபட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குக் கொவிட் தொற்றியிருந்தது தெரியவந்தது.

கவிஞர்களும் அந்தக் கதவுகளுக்குள்தான் இருந்தார்கள். இரண்டு முறை முதல் பரிசு பெற்ற ஜாகிர், 2021இல் விடுதி நிலைமை பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதினார். அது உண்மைக்கு மாறானது என்றது மனிதவள அமைச்சு. 2022இல் அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. 19 ஆண்டுகள் இங்கே உழைத்தவர் திரும்பிப் போனார்.

கவிதையில் அழுத தொழிலாளிக்குப் பரிசு கொடுத்த நகரத்துக்கு, அதே தொழிலாளி உரைநடையில் பேசியபோது என்ன ஆயிற்று? பொங்கோல் விடுதிக் கதவு சாத்திய நாளிலிருந்து அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.